திறக்க மறுத்த மிதிக்கட்டை

எஸ்தருக்கு வயது முப்பத்தெட்டு. அதில் பதினோரு வருடம் கம்பெனி பஸ்ஸில் தூங்கியே கழிந்தது. விடியற்காலை ஐந்தே காலுக்கு முசரவாக்கம் ரோட்டில் வந்து நின்றால் பஸ் வரும். ஏறியதும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்ப்பாள். ஒரகடத்தில் கம்பெனி வாசல் வந்ததும் யாராவது தட்டி எழுப்புவார்கள். சாயங்காலமும் அதே கம்பி, அதே தலை. மகள் திரிஷாவுக்குப் பல் முளைத்ததையும் விழுந்ததையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்த அம்மா அவள்.

கம்பெனியில் அவளுக்கு டிசைன் பிரிவில் வேலை. கார் சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கிற ஒரு தகட்டைப் பதினோரு வருடமாகக் கணினியில் வரைந்துகொண்டிருந்தாள். கார் மாறும், தகடு மாறாது. ஓட்டை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். இதற்காகவா அம்மா கங்கையம்மாள் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டு நட்டு, அறுபது பையன்களுக்கு நடுவில் மூன்றே பெண்கள் இருந்த மெக்கானிக்கல் டிப்ளமோவில் தன்னைச் சேர்த்துவிட்டாள் என்று எஸ்தருக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். கங்கையம்மாள் மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்; பேசாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் வீரபாகு வீட்டு மாடியறையில் ‘எஸ்தர் டிசைன்ஸ்’ என்று பலகை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. கீழே மூன்று தறிகள் ஓடும். மேலே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு எஸ்தர். இந்த எட்டு மாதத்தில் அவள் வரைந்துகொடுத்தவை: ஒரு கல்யாண மண்டபத்தின் இரும்பு வளைவு, ஒரு மாவு கிரைண்டர் மூடி, ஏனாத்தூர் கல்லூரி மாணவர்கள் நாலு பேருக்கு புராஜெக்ட். கடைசிக் கணக்கு கொஞ்சம் கௌரவக் குறைச்சல் என்பதால் அதை யாரிடமும் சொல்வதில்லை.

வீரபாகுவுக்கு ஐம்பத்தாறு வயது. பரம்பரை பரம்பரையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, குளித்த ஈரம் காய்வதற்குள் ஏறிவிடும். தறியில் எது மக்கர் பண்ணினாலும் அவர் கை வைத்தால் சரியாகிவிடும் என்று தெருவில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவரே அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, யார் வீட்டில் புதுச்சேலை தறியிலிருந்து இறங்கினாலும் ‘வீரபாகு கைராசிக்காரரு, அவர் வந்து அறுக்கட்டும்’ என்று ஆள் வரும். அவரும் சட்டையைக்கூடப் போடாமல் போவார்.

எஸ்தருக்கு மாடியைக் கொடுத்தபோது தெருவில் இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள். எந்த ஊர், எந்தப் பக்கத்து ஜனம் என்றெல்லாம் சுற்றி வளைத்து விசாரித்தார்கள். அவர்கள் எதை விசாரிக்கிறார்கள் என்பது எஸ்தருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற கேள்விதானே. வீரபாகு மட்டும் சுற்றி வளைக்கவில்லை. “மேல என் மாடி, கீழ என் தறி. நடுவுல நீ இன்னாத்துக்கு நூலு உட்டுக்கினு இருக்கிற?” என்று விசாரிக்க வந்தவனையே கேட்டுவிட்டுத் தறி நாடாவை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு முழங்கால் வலி. தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க மிதியை மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும். காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். பாதி அழுத்தினால் போதும், மீதியை ஸ்பிரிங்கும் நெம்புகோலும் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு மிதிக்கட்டை. படம் பார்க்கச் செத்த வெட்டுக்கிளி மாதிரி இருந்தாலும் யோசனை அசல் யோசனை. எஸ்தர் அதைக் கணினியில் ஏற்றி, கணக்குப் போட்டு, இரண்டு முறை உடைத்து, மூன்றாம் முறை உருப்படியாக ஒன்றைச் செய்தாள். வெல்டிங் பட்டறையில் ஒன்று அடித்து வாங்கித் தறியில் பொருத்தியதும் வீரபாகு ஒருநாள் முழுக்க எழுந்திருக்காமல் நெய்தார். ‘வீரபாகு லூம் ஒர்க்ஸ்’ என்று மறுநாளே லெட்டர்பேட் அடித்துவிட்டார்.

மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஓசூரிலிருந்து வந்த ராமராஜன் என்பவர் கண்ணில் அந்த மிதிக்கட்டை பட்டது. அவருக்கு அங்கே இயந்திரப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. குழிக்குள் குனிந்து பார்த்தார், தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார், மனைவி சேலைக்கு நிறம் கேட்டதுகூடக் காதில் விழவில்லை. “மாடல அனுப்புங்க. எங்க இன்ஜினியர் தொறந்து பாத்து சரின்னுட்டா மொத கட்டமா நாப்பது பண்ணிடலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரணும். அதுக்கப்புறம் மெஷின வேற வேலைக்குக் கொடுத்துடுவேன்” என்றார்.

எஸ்தருக்கு அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு வகையிலும் வெள்ளிக்கிழமைதான். பழைய கம்பெனி மேனேஜர் வேலாயுதம் கூப்பிட்டிருந்தார். “உன் சீட்டு காலியா இருக்குதுமா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கேப்பேன், வரியா வரலியான்னு சொல்லிடு. திங்கக்கிழமை ஆள் போடணும்.” நாற்பது மிதிக்கட்டை கிடைத்தால் மாடியறை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஐந்தே கால், ஜன்னல் கம்பி, சீட்டுக்கு அடியில் அந்தத் தகடு. அவளுக்கு அதை நினைத்தாலே கழுத்து வலித்தது.

புதன்கிழமை காலை மாடலை ஸ்டெப் ஃபைலாக மாற்றினாள். கணினியில் மாடல் வரைகிற மென்பொருள்கள் பாகம் பிரிந்த வீடு மாதிரி, ஆளுக்கொரு அடுப்பு. ஒன்று வரைந்ததை மற்றது தொடாது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி ஏற்படுத்தினதுதான் இந்த ஸ்டெப். இதை எல்லாரும் திறக்கலாம். அதாவது, ஓசூரைத் தவிர எல்லாரும்.

ஃபைலை பென்டிரைவில் போட்டுக் கீழே கொண்டுபோய் வீரபாகுவின் கணினியில் ஏற்றினாள். ஓசூர்த் தொழிற்சாலையின் வாடிக்கையாளர் பதிவேட்டில் இருப்பது வீரபாகு லூம் ஒர்க்ஸின் மெயில்தான், வேறு முகவரியிலிருந்து வந்தால் ஓசூர் கணினி வாசலிலேயே நிறுத்திவிடும் என்று சொல்லியிருந்தார்கள். தவிர, வீரபாகுவும் விடமாட்டார். “மொத அனுப்பறது என் கையால அனுப்பறேன்மா. ராசியா இருக்கும்.” அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் ஓசூர் இன்ஜினியர் லோகேஷ் கூப்பிட்டான். “மேடம், ஃபைல் ஓபன் ஆகல.”

“என்ன எரர் வருது சார்?”

“இது ஸ்டெப் ஃபைலே இல்லன்னு சொல்லுது.”

எஸ்தர் பென்டிரைவில் இருந்த ஃபைலைத் தன் கணினியில் திறந்து பார்த்தாள். வெண்ணெய் மாதிரி திறந்தது. மிதிக்கட்டை சுழன்று சுழன்று அழகு காட்டியது. சரி, ஸ்டெப்பிலேயே பழையது புதியது என்று வகை உண்டு, அவர்களிடம் பழைய மென்பொருள் இருக்கும் போல என்று பழைய வகையில் மாற்றிக் கீழே கொடுத்தாள். வீரபாகு அனுப்பினார்.

“மேடம், இதுவும் ஸ்டெப் இல்லையாம்.”

வியாழக்கிழமை காலை ஐஜெஸ் என்கிற இன்னும் பழைய வகைக்குப் போனாள். அவள் டிப்ளமோ படிக்கும்போதே தாத்தாவாக இருந்த வகை அது. தன் கணினியில் திறந்து பார்த்து, ஏனாத்தூர் மாணவன் கமலுக்கு அனுப்பி அவன் கணினியிலும் திறக்கச் சொல்லி, “சூப்பரா தொறக்குதுக்கா” என்று அவன் வாயால் கேட்ட பிறகே கீழே கொண்டுபோனாள். வீரபாகு கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு அனுப்பினார்.

“மேடம்.” இந்த முறை லோகேஷ் ஒரு பெருமூச்சும் சேர்த்தே விட்டான். “நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. நீங்க இதுக்கு முன்னாடி யாருக்காவது மாடல் அனுப்பியிருக்கீங்களா?”

எஸ்தருக்குக் காது மடல் வரை சுட்டது. பதினோரு வருடத்தில் ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் தகடு அனுப்பியவள். ஒருத்தன் ஒருநாள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து மாவட்டம் தாண்டி இருக்கிற ஓசூர் கேட்கிறது. “அனுப்பியிருக்கேன் சார்” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். வீட்டுக்குப் போய் சத்யராஜிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாள். அவள் புருஷன் விவரமானவன், காரணம் கேட்காமலே திட்டு வாங்கிக்கொண்டு தோசைக்குச் சட்னி அரைக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தபோது எஸ்தர் மாடலின் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். ஸ்பிரிங்கின் சுருள்தான் தகராறோ என்று ஸ்பிரிங்கை எடுத்தாள். வளைவுகளை எடுத்தாள். போல்ட், நட், நெம்புகோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மிதிக்கட்டையில் மிதியும் இல்லை, கட்டையும் இல்லை. கடைசியில் வெறுத்துப்போய் ஒரு சதுரக் கட்டியை வரைந்தாள். ஆறு முகம், எட்டு மூலை, வேறொன்றும் கிடையாது. பச்சைக் குழந்தை வரைவது. அதை ஸ்டெப்பாக்கிக் கீழே கொண்டுபோய், “இத மட்டும் அனுப்புங்கண்ணா, ஒரு சோதனைக்கு” என்றாள்.

வீரபாகு முகத்திலும் களையில்லை. புதன்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி தில்லையம்மாள் சொல்லியிருந்தாள். “கவலப்படாதமா. இந்த வாட்டி பாரு” என்றார்.

மூன்றே முக்காலுக்கு லோகேஷ் கூப்பிட்டான். அவன் குரலில் இப்போது கோபமில்லை, ஒருவித பயம் இருந்தது. “மேடம், கட்டியும் ஓபன் ஆகல.”

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சதுரக் கட்டி திறக்கவில்லையென்றால் குற்றம் மிதிக்கட்டையில் இல்லை. மூன்று நாளாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டது அத்தனையும் தண்டம். “சார், ஒரே ஒரு உதவி. உங்களுக்கு வந்த ஃபைலோட அளவு எத்தன பைட்டுன்னு சொல்லுங்க. எல்லா ஃபைலுக்கும்.”

கணினியில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி என்றால்கூட அதற்கு பைட் கணக்கு உண்டு. லோகேஷ் ஒவ்வொன்றாகப் படித்தான். எஸ்தர் தன்னிடமிருந்த அசல் ஃபைல்களின் எண்களைப் பக்கத்தில் எழுதினாள். புதன்கிழமை போன முதல் ஃபைல் ஐந்து பைட் கூடுதல். இரண்டாவது இருபத்தெட்டு. வியாழக்கிழமை போனது எண்பத்தாறு. இன்றைக்குப் போன வெறும் கட்டி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மாடியிலிருந்து இறங்கி ஓசூர் போய்ச் சேர்வதற்குள் ஃபைல் சதை போட்டிருக்கிறது. அதுவும் நாளாக நாளாக அதிகமாக.

வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தாள். வீரபாகு கணினியில் அவர் மகன் குமரன் எதையாவது ஏற்றி வைத்திருப்பான். தடதடவென்று படி இறங்கினாள். வீரபாகு தறியில் இல்லை, கொல்லைப்பக்கம் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கணினியில், அனுப்பிய மெயிலிலிருந்து அந்தச் சதுரக் கட்டியை எடுத்தாள். ஸ்டெப் ஃபைல் என்பது உள்ளே வெறும் எழுத்துதான், எந்தக் கணினியிலும் இருக்கிற நோட்பேடில் திறந்து படிக்கலாம். அதன் முதல் வரி இன்னதுதான் என்று விதி இருக்கிறது. அந்த வரியைப் பார்த்துத்தான் மென்பொருள் ‘ஆமாம், இது ஸ்டெப்’ என்று கதவைத் திறக்கும். நோட்பேடில் திறந்தாள்.

முதல் வரியில் அது இல்லை. முதல் ஐந்து வரிகள் இப்படி இருந்தன.

உ
சிவமயம்
காமாட்சி அம்மன் துணை
குமரகோட்டம் முருகன் துணை
ஏசுசாமி துணை

அதற்குக் கீழே, ஆறாவது வரியில், பாவம், ஸ்டெப் ஆரம்பித்தது.

எஸ்தருக்குக் கண் இருட்டியது. மூன்று நாள். கொரியாவுக்குத் தகடு அனுப்பியவளை ஓசூர்க்காரன் கேட்ட கேள்வி. கழற்றி எறிந்த நெம்புகோல். சத்யராஜ் வாங்கிய திட்டு. எல்லாம் இந்தத் தலைப்பால். ‘யார் கேட்டாங்க இவர?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வீரபாகு துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

“அண்ணா.” குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். “நான் குடுக்கற ஃபைல தொறந்து பாப்பீங்களா?”

“பின்ன? பாக்காம அனுப்புவாங்களா?” என்றார் வீரபாகு. கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்தான். “மொத நாளு அத ரெண்டு தட்டு தட்டினேன். எதுல தொறக்கறதுன்னு கேட்டுச்சு. நோட்பேடுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல தொறன்னேன். பக்கம் பக்கமா எழுத்து ஓடிக்கினே இருக்குது. தலையில பாத்தா பிள்ளையார் சுழியே இல்ல! சரி, உங்களுக்கு அது வழக்கமில்ல, நம்மளே போட்டுடலாம்னு போட்டு அனுப்பினேன்.”

“அப்புறம்?”

“தொறக்கலன்னுட்டானே அந்தப் பையன். தனியா பிள்ளையார மட்டும் கூப்ட்டா கோவிச்சுக்குவாங்கன்னு அடுத்த வாட்டி சிவமயமும் போட்டேன். அப்பவும் இல்ல. ஊருக்கே பெரிய அம்மாவ உட்டுட்டோமேன்னு காமாட்சிய போட்டேன். இன்னிக்கு முருகனையும் போட்டேன்.” தலையைக் குனிந்துகொண்டு துண்டின் நுனியை முறுக்கினார். “அனுப்பப் போறப்பதான் தோணிச்சு. இது நீ செஞ்ச வேல. உன் சாமிய உட்டுட்டு ஊர் சாமியெல்லாம் கூப்ட்டுக்கினு இருக்கிறேன். தப்புதானமா? அதான் ஏசுசாமியையும் சேத்துட்டேன். எழுத்து சரியா இருக்குதா?”

திட்டுவதற்கு எஸ்தரின் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்ற வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. இந்தத் தெருவுக்கு அவள் வந்தபோது எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு மூன்று பேர் அலைந்தார்கள். இந்த மனுஷன் அந்தச் சாமியின் பெயரைத் தன் விபூதிக் கையால் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்பிடித்து அடித்து, எழுத்து சரியா என்று கேட்கிறார். அழுகை வந்தது. அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

“சரியா இருக்குதுண்ணா” என்றாள்.

மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், மூன்று நாளாகப் பெண்ணின் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தோம் என்று வீரபாகு இனி தறியில் கால் வைக்கமாட்டார். அவர் சுபாவம் அவளுக்குத் தெரியும். சொல்லாமல் நல்ல ஃபைலைக் கொடுத்தால் மறுபடியும் தலையில் ஐந்து சாமி ஏறும், ஒருவேளை ஆறு. ‘நானே எல்லாம் போட்டுட்டேன்’ என்று பொய் சொல்லலாம். ஆனால் முசரவாக்கம் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தைகளை உட்கார வைத்துப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள் அவள். அதுவும் ஏசுசாமி பெயரைப் போட்டேன் என்று பொய் சொல்வதா? நாக்கு வராது.

படியில் நின்று யோசித்தாள். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மிதிக்கட்டையின் முழு மாடலைத் திறந்தாள். அடித்தட்டைக் கவிழ்த்துப் போட்டாள். தரையில் பதிந்து கிடக்கப்போகிற பக்கம் அது, யார் கண்ணுக்கும் படாது. யார் கண்ணுக்கும் படாத தகடுகளில் அவளுக்குப் பதினோரு வருட அனுபவம். அங்கே எழுத்து வெட்டலாம், அரை மில்லிமீட்டர் ஆழம், பலத்துக்கு ஒரு பாதகமும் இல்லை. ஆனால் மென்பொருள் தமிழைப் பார்த்ததும் முறுக்கிக்கொண்டது. துணைக்கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், முருகன் எழுத்துகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. மணி நாலு இருபது. நெற்றியில் வியர்வை வந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் ஒரு பழைய வகைத் தமிழ் எழுத்துரு வைத்திருப்பார்கள். கணினியின் கண்ணுக்கு அது ஆங்கிலம், பார்க்கிறவர் கண்ணுக்குத் தமிழ். மண்டபத்து இரும்பு வளைவில் மாப்பிள்ளை பெயரை வைக்க அதை எப்போதோ ஏற்றியிருந்தாள். அதைப் போட்டுப் பார்த்தாள். துணைக்காலும் கொம்பும் மரியாதையாக அவரவர் இடத்தில் வந்து நின்றன. ஐந்து வரி. உ, சிவமயம், காமாட்சி, முருகன், ஏசுசாமி. வெட்டினாள். அடித்தட்டின் வயிற்றில் ஐவரும் பள்ளமாகப் பதிந்தார்கள். ஸ்டெப்பாக மாற்றினாள். தன் கணினியில் திறந்து பார்த்தாள், மூடினாள், நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்த்தாள், மூடினாள். மணி நாலு நாற்பத்து மூன்று.

கீழே வீரபாகு கணினி முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். பென்டிரைவைச் சொருகியதும் ஃபைலின் மேல் இரண்டு தட்டு தட்டக் கையை உயர்த்தினார்.

“அண்ணா, வேணாம். எல்லாம் நானே போட்டுட்டேன்.”

கை நின்றது. “நீயா? பிள்ளையார் சுழி?”

“போட்டேன்.”

“சிவமயம்?”

“அதுவும் போட்டேன்.”

“அம்மா?”

“அம்மா, முருகன், எங்க சாமி, எல்லாம் நீங்க போட்ட அதே வரிசையில வெட்டியே போட்டுட்டேன்ணா. இது அழியாது.”

வீரபாகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். பொய் இல்லாததால் அது சுலபமாக இருந்தது. “உன் கையால பிள்ளையார் சுழி போட்டியா?” என்று இன்னொரு முறை மெதுவாகக் கேட்டார். பிறகு, “அப்போ நான் இதுல தொடறதுக்கு இன்னா இருக்குது” என்று ஃபைலைத் திறக்காமலே மெயிலில் சேர்த்து அனுப்பினார்.

இருவரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தில்லையம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. நாலு ஐம்பது. நாலு ஐம்பத்து மூன்று. எஸ்தருக்கு ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தது, அதன் துரு வாசனையோடு. நாலு ஐம்பத்தாறுக்கு ஃபோன் அடித்தது.

“மேடம்!” லோகேஷ் கத்தினான். “ஓபன் ஆயிடுச்சு மேடம்! முழுசா வந்துடுச்சு. ஸ்பிரிங்கு, லீவர் எல்லாம் பக்காவா இருக்கு. ராமராஜன் சாரும் இங்கதான் நிக்கறாரு, பாத்துட்டாரு. திங்கக்கிழமை மெஷின்ல ஏத்தறோம். என்ன மேடம் பண்ணீங்க?”

“ஒரு சின்ன செட்டிங் சார்” என்றாள் எஸ்தர்.

வீரபாகு எழுந்து கிழக்குப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, எஸ்தரின் சாமி எந்தத் திசையில் இருப்பார் என்று தெரியாததால் நாலு பக்கமும் ஒரு சுற்று சுற்றிக் கும்பிட்டார். அவர் ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்ததைப் பார்த்து தில்லையம்மாள் உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாள்.

ஐந்து மணி தாண்டி வேலாயுதம் கூப்பிட்டார். “இன்னாமா, திங்கக்கிழமை பஸ்ல ஏறிடுவியா?”

“இல்ல சார். வேற ஆளப் போட்டுக்குங்க” என்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்தது வேறு. அன்றைக்கு விட்டது வேலையை மட்டும். இன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டாள். உடனே சத்யராஜுக்குச் சொன்னாள், அம்மாவுக்கும் சொன்னாள். கங்கையம்மாள் இந்த முறை திட்டவில்லை. “அந்தப் பெரியவரு நல்லாருக்கணும்” என்றாள்.

மாடியைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது லோகேஷ் மறுபடியும் கூப்பிட்டான். எஸ்தர் சாவியை மறுபடியும் பூட்டில் நுழைத்தபடியே எடுத்தாள்.

“மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். மாடல எல்லாப் பக்கமும் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். அடித்தட்டுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கு. உ… சிவமயம்… காமாட்சி அம்மன் துணை…” கடைசி வரி வரை படித்தான். “இதுக்கு மிதிக்கட்டையில ஒரு வேலையும் இல்லையே மேடம். இதுக்குன்னு மெஷின்ல தனியா ஒரு வெட்டு போடணும். தேவையில்லன்னா எடுத்துடவா?”

தறிச் சத்தம் கேட்டது. புதன்கிழமைக்குப் பிறகு வீரபாகு இப்போதுதான் தறியில் உட்கார்ந்திருக்கிறார்.

“தாராளமா எடுங்க சார்” என்றாள் எஸ்தர். “ஆனா எடுத்துட்டு சேவ் பண்ணி, மறுபடியும் ஃபைல் தொறக்கலன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

மூன்று நாளாக ஒரு ஃபைலையும், கடைசியில் சதுரக் கட்டியைக்கூடத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவன் லோகேஷ்.

“வேணாம் மேடம்” என்றான் அவசரமாக. “நாப்பதுலயும் இருக்கட்டும்.”